அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை

ஒரு லட்சம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் எண்பத்தைந்து லட்சத்துக்கு மேல். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கி, மிச்சத்தில் கிரகப்பிரவேசச் சாப்பாடும் போட்டுவிடலாம். இந்தப் பணத்தை, பல சமயம் இதற்கு மேலும் கொடுத்து, அமெரிக்காவில் சிலர் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். பெட்டிக்குள் தங்கம் இல்லை. ஓர் உலோகத் தட்டு, சில ட்ரான்ஸ்ஃபார்மர்கள், ஏழெட்டு வால்வுகள், ஒரு கைப்பிடி கெபாசிட்டர், ஒரு கைப்பிடி ரெசிஸ்டர். நம் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்பார்.

அது ஒரு கிடார் ஆம்ப்ளிஃபயர். பெயர் டம்பிள்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் மின்சார கிடார் வாசிப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் நுழைந்த மாதிரி குரல் தாழும். "அந்த டோன்... அது வேற சார்" என்பார். நேரில் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். தொட்டிருக்கிறீர்களா? இல்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் அசையாது.

இந்த பக்தியோடுதான் இந்த வாரம் சண்டை. பெட்டியைச் செய்த மனிதரோடு அல்ல. அவர் கெட்டிக்காரர், அதைக் கொஞ்சநேரத்தில் நானே சொல்கிறேன். என் சண்டை, பெட்டியை விக்கிரகமாக்கி, அதன் மேல் விலைச்சீட்டு ஒட்டி, இருபது வயதுப் பையன்களை "இது இல்லாததால்தான் எனக்கு வாசிக்க வரவில்லை" என்று நம்ப வைத்துவிட்டவர்களோடு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். உலகம் முழுக்க ட்ரான்ஸிஸ்டருக்கும் சிப்புக்கும் மாறி அரை நூற்றாண்டு ஆன பிறகு, இந்த ஆசாமிகள் ஏன் இன்னும் வால்வைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

வால்வ் ரேடியோ பார்த்த தலைமுறைக்கு விளக்க வேண்டாம். ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே இழை மெல்லச் சிவந்து, சூடேறி, அப்புறம்தான் செய்தி வாசிக்கும். ட்யூன் செய்யப் பச்சைக் கண் ஒன்று இருக்கும். அந்தக் கண்ணும் ஒரு வால்வ்தான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து ரேடியோ வால்வ் தயாரித்தது. பார்க்காத தலைமுறைக்கு: கண்ணாடிக் குடுவைக்குள் வெற்றிடம். சூடான ஓர் இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் ஒரு கம்பி வலை. வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சின்னது பெரிதாகிறது. அதுதான் ஆம்ப்ளிஃபயர்.

அளவோடு வேலை வாங்கினால் வால்வும் ட்ரான்ஸிஸ்டரும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். வித்தியாசம் தெரிவது அளவுக்கு மீறி விரட்டும்போது. சாதாரண ட்ரான்ஸிஸ்டர் சர்க்யூட், ஒலி அலையின் தலையைக் கத்தியால் சீவின மாதிரி வெட்டும். வால்வ் மழுங்கலாக, தேய்த்த மாதிரி வெட்டும். முன்னது காதில் குத்தும். பின்னது கரகரப்பாக, ஆனால் சுகமாக இருக்கும். வீட்டில் பாட்டுக் கேட்கிறவருக்கு இரண்டுமே கோளாறு. கிடார்காரருக்கோ இந்தக் கோளாறுதான் குரல். ஸ்வரம் நீண்டு நிற்கிறது, விரல் அழுத்தினால் உறுமுகிறது, தளர்த்தினால் அடங்குகிறது. ஐம்பதுகளிலிருந்து உலகம் கேட்ட ப்ளூஸ், ராக் கிடாரில் பெரும்பகுதி இந்தக் கோளாறின் இசை.

ஆகவே வால்வ் ஆசை மூடநம்பிக்கை இல்லை. அதற்கு பௌதிக காரணம் இருக்கிறது. அந்த ஆசைக்காகவே ரஷ்யாவின் சராத்தோவிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் தொழிற்சாலைகள் வால்வ் செய்து பிழைத்தன. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, ரஷ்ய ஏற்றுமதித் தடையால் வால்வ் வராது என்று செய்தி பரவியதும், கிடார்காரர்கள் பஞ்ச காலத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற மாதிரி வாங்கி அடுக்கினார்கள். அதையும் புரிந்துகொள்ளலாம்.

வால்வ் ஆம்ப் வேண்டும் என்பது வேறு. 'அந்த ஒருவர்' செய்த வால்வ் ஆம்ப் வேண்டும் என்பது வேறு. இனிமேல்தான் வில்லங்கம்.

*

அலெக்ஸாண்டர் டம்பிள். ஹோவர்ட் டம்பிள் என்றும் சொல்வார்கள். 1944-ல் பிறந்தவர். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வளர்ந்தார். 2022 ஜனவரியில் காலமானார். கம்பெனி, ஃபேக்டரி, ஷோரூம் எதுவும் கிடையாது. தனி ஆள். வாழ்நாள் முழுக்கச் செய்தது சுமார் 300 ஆம்ப்கள் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஓவர்டிரைவ் ஸ்பெஷல், ஸ்டீல் ஸ்ட்ரிங் சிங்கர் என்று மாடல்களுக்குப் பெயர் உண்டே தவிர, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

ஏன் இருக்காது? இதுதான் விஷயத்தின் உயிர். கவனியுங்கள்.

அவர் பெட்டி செய்து வைத்துவிட்டு ஆளைத் தேடவில்லை. ஆள் முதலில். வந்தவரை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்பார். விரலால் மீட்டுகிறாரா, பிக்கால் அடிக்கிறாரா? பலமாகவா, தடவியா? எந்த கிடார்? தந்தி தடிமனா, மெல்லிசா? அந்தக் கைக்கு எது பொருந்துமோ அப்படி ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளை மாற்றுவார். லாரி கார்ல்ட்டன், ராபன் ஃபோர்ட், டேவிட் லிண்ட்லி, ஜாக்சன் பிரௌன், கார்லோஸ் சந்தானா என்று அவரிடம் ஆம்ப் வாங்கியவர்கள் பட்டியல் நீளமானது. ஒவ்வொருவரும் வேறு வேறு கை.

அதாவது அவர் ஒரு தையல்காரர். அளவெடுத்துத் தைப்பவர்.

அப்படியானால் என் முதல் கேள்வி எளிது. அளவெடுத்துத் தைத்ததுதான் இதன் மகிமை என்றால், நாற்பது வருஷத்துக்கு முன் வேறு யாரோ ஒரு ஆளின் தோளுக்கும் கைக்கும் தைத்த சட்டையை, லட்சம் டாலர் கொடுத்து நீங்கள் ஏன் போட்டுக்கொள்கிறீர்கள்? அந்த மனிதருக்குத் தொப்பை இருந்திருக்கலாம். உங்களுக்கு இல்லை. அவருக்குக் கை நீளம். உங்களுக்குக் குட்டை. தையல்காரரின் கீர்த்தியைச் சொல்லி விற்கிறார்கள், தையல்காரரோ இல்லை. உங்களை அவர் அளவெடுக்கவும் இல்லை. நீங்கள் வாங்கியது கீர்த்தி தைத்த லேபிளை மட்டும்.

நமக்குப் புரியாத சமாசாரமா இது? தஞ்சாவூர் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயரின் கைக்கு மிருதங்கம் செய்தவர். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அங்கேயும் இதே உறவுதான்: வித்வான் வாசிக்க, செய்பவர் கேட்க, தோல் மாற, நாதம் மாற. ஒரே ஒரு நல்ல வித்தியாசம். தோல் தேயும். மறுபடி மூட்ட வேண்டும். செய்பவரிடம் மறுபடி போயாக வேண்டும். அதனால் மிருதங்கத்தை லாக்கரில் வைத்து விலையேற்ற முடியாது. உறவு இருக்கும்வரைதான் வாத்தியம். டம்பிளின் ஆம்புக்கும் உண்மையில் அதே கதைதான். மரப்பெட்டி தேயாமல் நிற்பதால், உறவும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

*

"எல்லாம் சரி சார். ஆனா அந்த டோன்?" என்பீர்கள். வருகிறேன்.

ஸ்டீவி ரே வான். டெக்ஸஸ்காரர். 1982 கடைசியில் அவரிடம் பணம் இல்லை, ரெக்கார்டிங் ஒப்பந்தம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தன் ஸ்டுடியோவைச் சில நாள் சும்மா உபயோகித்துக்கொள்ளச் சொன்னார் ஜாக்சன் பிரௌன். மூன்றே நாளில் பதிவான பாட்டுகள் 1983-ல் 'டெக்ஸஸ் ஃப்ளட்' என்ற ஆல்பமாக வந்தன. ப்ளூஸ் இசைக்கே மறுபிறப்பு என்றார்கள். அந்தப் பதிவில் அவர் வாசித்தது ஸ்டுடியோவில் கிடந்த டம்பிள் ஆம்ப் ஒன்றில்.

பக்தர்கள் இந்தக் கதையைக் கண்ணில் நீர் வரச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் முழுசாகச் சொல்கிறேன். அந்த ஆம்ப் பிரௌனுடையது. வானின் கைக்காக யாரும் அளவெடுத்துத் தைக்கவில்லை. இரவல் சட்டை. அதில் வாசித்தும் வெளியே வந்தது பிரௌனின் ஓசை இல்லை; அப்பட்டமான ஸ்டீவி ரே வான். காரணம் பெட்டியா? பெரும்பாலான கிடார்காரர்கள் ஒன்பது, பத்து என்ற மெல்லிசுத் தந்தி போடுவார்கள். அவர் பதின்மூன்று போட்டவர். இரும்புக் கம்பியை வளைக்கிற விரல். பிறகு தனக்கென்று ஒரு டம்பிள் செய்துகொண்டார், உண்மை. ஆனால் உலகம் அவரைக் கண்டுகொண்டது இரவல் பெட்டியில்.

இன்னொரு சாட்சி ராபன் ஃபோர்ட். டம்பிள் என்றாலே அவர் ஓசைதான் என்று சொல்லுமளவுக்கு அந்த ஆம்போடு ஒட்டிப்போன பெயர். ஓவர்டிரைவ் ஸ்பெஷல் எப்படிப் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தான் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பில் வாசித்ததைக் கேட்டுத்தான் டம்பிளுக்கு அந்த யோசனை வந்ததாம். ஃபெண்டர் பேஸ்மேன் என்பது ஃபேக்டரியில் வரிசையாகச் செய்து கடையில் விற்ற சரக்கு! ஆக, கதையின் தொடக்கத்தில் இருப்பது ஒரு கையும் ஒரு கடைச்சரக்கும். அந்த ஓசையை ஒரு மேதை கேட்டார். பிடித்துப்போய் அதற்கு ஒரு பெட்டி செய்தார். இப்போது நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கி அந்தக் கையைத் தேடுகிறீர்கள்.

அதே ஃபோர்ட், வெளியூர்க் கச்சேரிகளுக்கு டம்பிளைத் தூக்கிப் போக முடியாதபோது என்ன செய்வார்? போன இடத்தில் ஒரு ஃபெண்டர் ஆம்பை வாடகைக்கு எடுத்து, காலடியில் ஸென்டிரைவ் என்று ஒரு சின்ன பெடலை வைத்துக்கொண்டு வாசிப்பார். யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதாகக் கேள்விப்படவில்லை.

காது நம்மை ஏமாற்றும் என்பதற்கு விஞ்ஞானமும் உண்டு. 1933-லேயே பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் அளந்து சொன்னார்கள்: சத்தம் கூடக்கூட அடித்தளமும் உச்ச ஸ்தாயியும் நிறைவாகக் கேட்கும். இரண்டு ஆம்பை அடுத்தடுத்துக் கேட்டால், எதன் வால்யூம் ஒரு பொட்டு அதிகமோ அதுவே 'நல்ல டோன்'. கடைக்காரர்களுக்கு இது தெரியும். வாங்குகிறவர்களுக்கும் தெரிந்தால் நல்லது.

வயலின்காரர்கள் இந்தக் கண்டத்தைத் தாண்டியவர்கள். 2010-ல் இண்டியானாபொலிஸில் 21 தேர்ந்த வயலின் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதுசு. மூன்று பழசு: இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. 'ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால் எது?' என்று கேட்டதற்கு 13 பேர் புதுசைக் கைகாட்டினார்கள். பழசு மூன்றின் மதிப்பு, புதுசு மூன்றைப்போல் சுமார் நூறு மடங்கு. 2012-ல் முடிவுகள் வெளியானதும் வயலின் உலகத்தில் ஒரே கூச்சல். ஆனால் பாடம் எளிது. கண் பார்த்து, பெயர் கேட்டு, விலை தெரிந்த பிறகு காது சுதந்திரமாக இல்லை. முந்நூறு வருஷ ஸ்ட்ராடிவாரிக்கே இந்தக் கதி. நாற்பது வருஷப் பெட்டிக்கு மட்டும் விதிவிலக்கா?

"அப்ப எல்லா ஆம்பும் ஒண்ணுதானா?" என்று கோபப்படாதீர்கள். இல்லை. நல்ல ஆம்ப், மோசமான ஆம்ப் உண்டு. கைக்கு உடனே பதில் சொல்கிற ஆம்ப், சொல்லாத ஆம்ப் உண்டு. ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், பெட்டியின் மரம், எல்லாம் கேட்கும். நான் சொல்வது, மட்டமானதற்கும் நல்லதற்கும் உள்ள தூரம் பெரிது. நல்லதற்கும் 'தெய்வீக'த்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் விலைச்சீட்டில்தான்.

*

இப்போது கறுப்புப் பசைக்கு வருவோம்.

டம்பிள் தன் பல ஆம்ப்களில், சர்க்யூட்டின் முக்கியமான பகுதி மேல் எபாக்ஸியைக் கொட்டி மூடினார். காய்ந்தால் கல். உள்ளே எந்த ரெசிஸ்டர், என்ன மதிப்பு, எது எதோடு சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது. தன் உழைப்பை அடுத்தவர் சுலபமாகக் காப்பி அடிக்கக் கூடாது என்பது காரணம். தனி ஆள், கேஸ் போட வக்கீல் பட்டாளம் இல்லை, பசைதான் காப்பிரைட். மனிதராக அவர் மேல் எனக்கு அனுதாபம்தான்.

ஆனால் அந்தப் பசையே மகிமையாகிப்போனது. மூடினதால் ஏதோ இருக்கிறது, இருப்பதால்தான் மூடினார், ஆகவே விலை. மூடிய பெட்டிக்குள் கடவுளை வைப்பது மனித சுபாவம்.

கிடார் ஆம்பின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். அது திறந்த கிணறு. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் வால்வ் கம்பெனிகளே 'எங்கள் வால்வை இப்படி உபயோகியுங்கள்' என்று மாதிரி சர்க்யூட்களைக் கையேட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கும். அந்த வழியில் வந்தவைதான் ஃபெண்டரின் ஆரம்ப ஆம்ப்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்ஸ் வாத்தியார், இசைக்கருவிக் கடைக்காரர். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆனைவிலை. 1962-ல் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து ஒன்று செய்தார். இங்கிலாந்தில் கிடைத்த வால்வ், இங்கிலாந்தில் கிடைத்த ட்ரான்ஸ்ஃபார்மர், வேறு ஸ்பீக்கர். காப்பி அடிக்கப் போய், புதுசாக ஒரு ஓசை பிறந்துவிட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதல் எத்தனையோ பேருக்கு அதுதான் குரல். அறுபதுகளின் இறுதியில் கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்ற ரிப்பேர்காரர், ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற குட்டி ஆம்புக்குள் பெரிய ஆம்பின் பலத்தை விளையாட்டாகத் திணித்தார். அதுதான் மேஸா பூகி.

டம்பிளும் இதே கிணற்றில் இறைத்தவர்தான். ஓவர்டிரைவ் ஸ்பெஷலைப் பசை நீக்கிப் பார்த்தவர்கள் கண்டது என்ன? அடிப்படையில் ஃபெண்டர் பாணி முன்பகுதி. அதன் பின்னால் கரகரப்புக்காகச் சங்கிலியாகக் கோத்த இன்னொரு பெருக்கப் பகுதி. அருமையான யோசனை, அக்கறையான வேலை. ஆனால் மந்திரம் இல்லை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர் தன் குடத்துக்கு மூடி போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அதற்காக, மூடிதான் தண்ணீரை இனிப்பாக்கியது என்று நாம் சொல்லிக்கொண்டு அலையலாமா?

இதற்கு நேர் எதிரான ஓர் ஆள் நியூஜெர்ஸியில் இருந்தார். கென் ஃபிஷர். ஆம்பெக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் ட்ரெய்ன்ரெக் என்ற பெயரில் தனியாக ஆம்ப் செய்தார். சீரியல் நம்பர் கிடையாது. ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு பெண் பெயர். அவரும் ஒற்றை ஆள், அவரும் குறைவாகவே செய்தார். உடம்பு சரியில்லாமல் போனது. 2006-ல் காலமானார். அவருடைய ஆம்ப்களும் இன்று கொள்ளை விலை. ஆனால் அவர் பசை கொட்டவில்லை. தெரிந்ததை எழுதினார். 'ட்ரெய்ன்ரெக் பேஜஸ்' என்ற அவருடைய குறிப்புகள் ஒரு புத்தகத்தின் பகுதியாகவே அச்சில் வந்தன. ஆம்பைத் திறந்து பார்க்க ஆசைப்படும் ஆட்களுக்கு அது பாலபாடம்.

வேடிக்கையைப் பாருங்கள். ட்ரெய்ன்ரெக்கின் சர்க்யூட் தெரியும், எளிமையானது, ஒரு தாளில் அடங்கும். அப்படியும் அச்சு அசலாகச் செய்வது கஷ்டம் என்கிறார்கள், செய்து பார்த்தவர்கள். ஒயர் எந்தப் பக்கம் வளைகிறது, எதற்குப் பக்கத்தில் எது போகிறது, எந்த வால்வைப் பொறுக்கி எங்கே போட்டார், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆம்ப். ஃபிஷரின் ரகசியம் தாளில் இல்லை. காதில் இருந்தது, கையில் இருந்தது. அதை மறைக்கப் பசை வேண்டியதில்லை.

ஆகவே என் கட்சி இது: எதை மறைப்பது அவசியமோ, அதை எபாக்ஸி மறைக்காது. எதை எபாக்ஸி மறைக்குமோ, அதை மறைக்க அவசியமே இல்லை.

நஷ்டம் மட்டும் நிஜம். மூடின பெட்டியில் ஒரு கெபாசிட்டர் வீங்கிப் போனால் மாற்றுவதற்கு உளி எடுக்க வேண்டும். செய்தவரும் போய்விட்டார். எந்தக் கைக்கு என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற ஞானம், அவர் யாரிடமெல்லாம் சொன்னாரோ அதோடு சரி. சொல்லாதது அவரோடு போயிற்று. பெட்டிக்கு லட்சம் டாலர் கொடுத்தவர்கள், அவர் உயிரோடு இருந்தபோது அந்தக் காதுக்கு ஒரு சீடனை ஏற்பாடு செய்திருந்தால் இசைக்கு லாபம். அதற்குத்தான் மறுவிற்பனை மதிப்பு கிடையாதே!

*

"விலை மார்க்கெட் நிர்ணயிப்பது. உனக்கென்ன வலிக்கிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பழைய டம்பிள் கை மாறும்போது விற்றவருக்குப் பணம், தரகருக்குக் கமிஷன். ராத்திரி பகலாக ஸால்டரிங் பிடித்தவருக்கு அந்த மறுவிற்பனையில் பங்கு இல்லை. ஓவியர்களுக்கு இந்த அநியாயம் நடக்கிறது என்று பிரான்ஸ் 1920-லேயே சட்டம் போட்டது: ஓவியம் மறுபடி விற்கும்போது வரைந்தவருக்கு ஒரு பங்கு. நம் காப்பிரைட் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு அதற்காகவே சேர்ந்தது. ஆம்ப் செய்தவருக்கு எந்தப் பிரிவும் இல்லை. 'நாங்கள் மேதையைக் கௌரவிக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு லட்சம் டாலர் கொடுக்கிறவர்களுக்கு நினைவூட்டுகிறேன்: நீங்கள் கௌரவித்தது தரகரை.

அடுத்த நஷ்டம் வாசிக்கிறவருக்கு. இந்த விலை போன பிறகு அது வாத்தியம் இல்லை, முதலீடு. ஜான் மேயர் மாதிரி பெரும் பணக்காரக் கலைஞர் மேடைக்குக் கொண்டுவரலாம், வாழ்க. மற்றவை? பாரில் ராத்திரி வாசித்துப் பிழைப்பவன் எண்பத்தைந்து லட்சத்தை வேனில் ஏற்றிப் போவானா? பெட்டி ஏஸி அறைக்குப் போய்விடுகிறது. வாசிக்கப்படாத ஆம்ப் என்பது என்ன? கனமான மர சாமான்.

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல். கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பையன் அல்லது பெண். இரண்டு வருஷம் வாசித்ததும் ஒரு கட்டத்தில் தேங்கி நிற்பார்கள். எல்லோரும் நிற்பார்கள். அந்த இடத்தில்தான் அசுர சாதகம் செய்ய வேண்டும்: மெட்ரோனோம் வைத்துக்கொண்டு, தந்தியை வளைத்தால் ஸ்ருதி சரியான இடத்தில் போய் நிற்கிறதா என்று நூறு தரம். அது அலுப்பு. சரியாக அந்த நேரத்தில் காதருகே ஒரு குரல்: "உன் விரல்ல தப்பில்ல தம்பி. டோன் சரியில்ல. பெடலை மாத்து. வால்வை மாத்து. ஆம்பை மாத்து." எவ்வளவு ஆறுதலான பொய்! விரலைக் குற்றம் சொன்னால் உழைக்க வேண்டும். பெட்டியைக் குற்றம் சொன்னால் சம்பளம் வரும்வரை காத்திருந்தால் போதும். இப்படிக் காத்திருந்தே வாசிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணினால் அந்த எண், செய்த டம்பிள்களைவிட நிச்சயம் பெரிதாக இருக்கும்.

*

சரி, என்னதான் பண்ணச் சொல்கிறாய் என்றால், சொல்கிறேன்.

பசையின் காலம் முடிந்துவிட்டது. மலேசியாவில் செரியாடோன் என்ற நிறுவனம், டம்பிள், ட்ரெய்ன்ரெக் சர்க்யூட்களை ஒட்டிய ஆம்ப்களைக் கையால் கட்டி, அசல் விலையில் மிகச்சிறு பங்குக்கு விற்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நிஜமான ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதே மாதிரி ஒலிக்கிறது. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது, பழைய வால்வ் கையேட்டின் பின்பக்கம் மாதிரி. கிணறு மறுபடி திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? நண்பரைக் கூட்டிப் போங்கள். இரண்டு ஆம்பையும் ஒரே சத்த அளவுக்கு வைக்கச் சொல்லி, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். பெயரும் விலையும் அப்புறம் தெரியட்டும். பிடித்ததை வாங்குங்கள். அது விலை குறைந்ததாக இருந்தால் வெட்கப்படாதீர்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல வாத்தியாரிடம் சேருங்கள்.

உங்கள் ஊரில் ஆம்ப் ரிப்பேர் தெரிந்த ஒருவர் இருப்பார். தேடிப் பிடித்து உறவு வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். "கீழ் ஸ்தாயி கொஞ்சம் கலங்குதுண்ணே" என்று சொல்லுங்கள். அவர் ஒரு கெபாசிட்டரை மாற்றுவார். மறுபடி வாசியுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். வால்வ் ஆம்புக்குள் நானூறு வோல்ட் வரை, சமயத்தில் அதற்கு மேலும் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து ஆளையே தூக்கியடிக்கும். தெரிந்தவர் திறக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். கலிபோர்னியாவில் அந்த மனிதர் செய்ததும் சாராம்சத்தில் இதுதான்: ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் கேட்க, நடுவில் ஒரு ஸால்டரிங் அயர்ன்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சமாசாரத்தைத்தான் அங்கே லட்சம் டாலர் கொடுத்துத் தேடுகிறார்கள். பெட்டி வந்து சேரும். கேட்பதற்கு ஆள் வராது.